குஞ்சுகளை யார் கொண்டுபோனது?
வளவுக் கோழிகளைப் பூனை, கீரி, மரநாய், பருந்து முதலியவற்றிடமிருந்து காப்பாற்றும் முறைகள்

மீளக் குடியேறிய கிராமமொன்றில் அடுத்தடுத்த காணிகளில் இரண்டு குடும்பங்கள். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் ஒரே தறப்பாளின் கீழ் ஒரே அடுப்பில் சமைத்து உண்டவர்கள். ஊர் திரும்பிய பின் இளையவள் ஒரு பேட்டுக்கோழி வாங்கி அடைவைத்தாள். பதினொரு குஞ்சுகள் பொரித்தன. பத்து நாட்களில் ஏழு குஞ்சுகள் காணாமற் போயின.

"அக்கா, உங்கட பூனைதான் என்ர குஞ்சுகளைத் திண்டு முடிச்சது."

"என்ர பூனை கோழி பிடிக்கிற பூனை இல்லை, பிள்ளை. நீ கண்டனியோ?"

கண்டவர் ஒருவருமில்லை. ஆயினும் பேச்சு முற்றியது. இரண்டு வீட்டாரும் முகம் பார்ப்பதை நிறுத்தினார்கள். ஒருநாள் அந்தப் பூனை உரப்பையில் அடைக்கப்பட்டுக் குளக்கட்டுக்கு அப்பால் விடப்பட்டது. அதன் பிறகும் இரண்டு குஞ்சுகள் போயின. விதைக்கென்று வைத்திருந்த நெல்மூடையும் மூலையில் கடிபட்டது. அயலிலிருந்த முதியவர் ஒருவர் கோழிக்கூட்டின் பின்புறத்தில் இருந்த பொந்தை மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தார். உள்ளே குஞ்சுகளின் கால்களும் இறகுகளும் கிடந்தன. அகழான் எலி! எலியைப் பிடித்துக்கொண்டிருந்த பூனையைத் துரத்திவிட்டு எலியை வளர்த்திருந்தார்கள்.

பூனை குஞ்சு பிடிக்காது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பூனை நிச்சயமாகக் குஞ்சு பிடிக்கும். ஆனால் யார் வந்தது, எந்த நேரத்தில் வந்தது, எந்த வழியால் வந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை காணாமல் எடுக்கும் நடவடிக்கை வீணாகும் என்பதே இப்பாடத்தின் முதற் செய்தி. கோழிகளை இழப்பது பெரும்பாலும் இரண்டு வேளைகளில்தான்: ஒன்று, கதவு சரியாக அடைபடாத இரவு, மற்றையது, குஞ்சு பொரித்த முதல் ஆறு வாரம். இவ்விரண்டையும் இறுக அடைத்துவிட்டால் மிகுதி எளிது என்பது இரண்டாவது செய்தி.

ஒரு சிறு கணக்கு

எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பத்துக்குக் கோழி பெருஞ் செல்வம். மாடு வாங்கப் பணமில்லை; வயல் விளைய மாதங்கள் செல்லும். கோழியோ சில மாதங்களில் பலன் தரும். பிள்ளைக்கு முட்டையும், அவசரத்துக்குக் கைக்காசும் அதிலிருந்துதான் வருகின்றன. பெண்களின் கையில் நேரே சேரும் வருமானமும் அதுவே.

மூன்று பேட்டுக்கோழிகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு மூன்று தடவை அடைகாத்து, தடவைக்கு 8 குஞ்சுகள் பொரித்தால் மொத்தம் 72 குஞ்சுகள். அடைக்கு இரண்டு குஞ்சு மாத்திரம் மிஞ்சினால் ஆண்டு முடிவில் 18 கோழிகள். அடைக்கு ஐந்து மிஞ்சினால் 45 கோழிகள். இடையிலுள்ள 27 கோழிகளின் விலையை உங்கள் ஊர்ச் சந்தை விலையில் நீங்களே பெருக்கிப் பாருங்கள். புதிதாக ஒரு கோழிகூட வாங்காமல், பொரித்ததைக் காப்பாற்றுவதால் மாத்திரம் கிடைக்கும் வருமானம் இது.

மீளக் குடியேறிய காணிகளில் இழப்பு ஏன் அதிகம்?

"முந்தி இவ்வளவு கீரியும் மரநாயும் இருக்கேல்லையே" என்று பலர் சொல்வதுண்டு. காரணம் உண்டு. மனிதர் வாழாத காணியில் பற்றை வளர்கிறது. பற்றையில் எலி பெருகுகிறது. எலியைத் தேடிப் பாம்பும் கீரியும் வருகின்றன. இடிந்த சுவர்களும் பாழ்கிணறுகளும் மரநாய்க்கும் உடும்புக்கும் வீடாகின்றன. வலிகாமம் வடக்கில் 1990இல் மக்கள் விட்டு வெளியேறிய காணிகளிற் பல, 2015இற்குப் பின்னரே கட்டங்கட்டமாகத் திருப்பிக் கையளிக்கப்பட்டன. கால் நூற்றாண்டுப் பற்றைக்குள் குடியிருந்த உயிர்கள் நாம் வந்தவுடன் வெளியேறிவிடமாட்டா. 2009இன் பின்னர் வன்னிக்குத் திரும்பியவர்களும் காடேறிய வளவுகளையே கண்டார்கள்.

எனவே கோழிக்கூட்டைச் சுற்றி 15 அடி தூரத்துக்காவது பற்றை, விறகுக் குவியல், கல்லுக் குவியல் இல்லாதிருக்கட்டும். மறைந்து வர இடமில்லாத வெளியைக் கடக்கக் கீரியும் பூனையும் தயங்கும். ஓர் எச்சரிக்கை: கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்படாத காணியில் பற்றை வெட்டவோ, கம்பு தேடவோ, பொந்து தோண்டவோ வேண்டாம். சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். எந்தக் கோழியும் ஒரு காலுக்கு ஈடாகாது.

தடயத்தைப் பாருங்கள்

கோழி போன இடத்தைக் கூட்டிப் பெருக்குவதற்கு முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். முதல்நாள் மாலையில் கூட்டைச் சுற்றி மண்ணைக் கிளறிச் சமப்படுத்தி வைத்தால் காலையில் காலடி தெரியும்.

1. பூனை: குஞ்சை முழுதாகக் கவ்விக்கொண்டு போகும், சில இறகுகள் தவிர ஒன்றும் கிடையாது. பகலிலும் வரும், இரவிலும் வரும். வளர்ந்த கோழியை வீட்டுப் பூனை தாக்குவது குறைவு.

2. கீரி: பெரும்பாலும் பகலில், வேலியோரமாக வரும். கழுத்திலும் தலையிலும் கடிக்கும். அடைபட்ட இடத்தில் அகப்பட்டால் தேவைக்கு மேலாகவும் கொல்லும். முட்டையையும் உடைத்துக் குடிக்கும்.

3. மரநாய்: இரவில் மட்டும் வரும். மரத்தாலும் கூரையாலும் ஏறி இறங்கும். கூரைக் கிடுகு விலகியிருந்தால் இதன்மீது சந்தேகம் கொள்ளலாம்.

4. நரி: மாலை மங்கலிலும் விடியப்புறத்திலும் வரும். வளர்ந்த கோழியையே தூக்கிச் செல்லும். வேலிக்கு வெளியே இறகுகள் வழிநெடுகக் கிடக்கும்.

5. நாய்: பல கோழிகள் கடிபட்டு இறந்து, தின்னப்படாமல் கிடந்தால் பெரும்பாலும் நாயே.

6. எலி: இரவில் சிறு குஞ்சுகளைப் பிடித்துப் பொந்துக்குள் இழுக்கும். காலில், வயிற்றில் கடிகாயத்துடன் உயிரோடு கிடக்கும் குஞ்சும் எலியின் அடையாளம்.

7. பாம்பு: இறகில்லை, இரத்தமில்லை, முட்டைக் கோதுமில்லை, எண்ணிக்கை மட்டும் குறைந்திருக்கும். சாரையும் நாகமும் முட்டைக்கும் குஞ்சுக்கும் வரும். வெங்கிணாந்தி வளர்ந்த கோழியையும் விழுங்கும். காலையில் கூட்டுக்குள் வெறுங்கையை விடாதீர்கள். முதலில் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள்.

8. உடும்பு, கபறக்கொய்யா: பகலில் வரும். முட்டையையும் குஞ்சையும் விழுங்கும். குளத்துக்கும் வாய்க்காலுக்கும் அருகிலுள்ள வளவுகளில் தொல்லை அதிகம்.

9. பருந்து, வல்லூறு, காகம்: பகலில் மேலிருந்து வரும். தாய்க்கோழி திடீரெனக் கத்திக் குஞ்சுகளைச் சிறகுக்குள் அழைத்தால் வானத்தைப் பாருங்கள். காகம் முட்டையைக் கொத்தி ஓட்டையாக்கும். பொரித்த ஓரிரு வாரக் குஞ்சைத் தூக்கும்.

இன்னுமொன்று: இறந்த கோழியைப் பூனை தின்றுகொண்டிருந்தால் பூனைதான் கொன்றது என்று முடிவுகட்ட வேண்டாம். இராணிக்கட் நோயால் இறந்ததைப் பூனை பின்னர் கண்டெடுத்திருக்கலாம். பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிதல், வாய் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்துத் திருகுதல், அயலிலும் கோழிகள் சாதல் ஆகியவை நோயின் அடையாளங்கள். இந்நோய்க்கு மருந்தில்லை, தடுப்பூசி உண்டு. கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் கேட்டு, அயலவர் எல்லாரும் ஒரே நாளில் போட்டுக்கொள்வது நல்லது. இறந்த கோழியைப் பற்றைக்குள் எறிய வேண்டாம். அந்த மணம் நரியையும் கபறக்கொய்யாவையும் உங்கள் வளவுக்கு அழைக்கும். இரண்டடி ஆழத்தில் புதையுங்கள்.

முதற் காவல்: இரவுக்கூடு

மரத்திலேறி உறங்கும் கோழி சுதந்திரமாக இருப்பதாகத் தோன்றும். மரநாய்க்கு அது பந்தியில் வைத்த சோறு. பத்துக் கோழிகளுக்கு 4 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரமுள்ள கூடு இரவு தங்கப் போதும். கோழிக்கு 8 அங்குலம் வீதம் குறுக்குத் தடி கட்டிவிடுங்கள்.

கூட்டை நிலத்தில் வையாமல் 3 அடி உயரக் கால்களில் நிறுத்துங்கள். ஒவ்வொரு காலிலும் தகரத்தை ஒரு முழ அகலத்துக்கு வழுவழுப்பாகச் சுற்றி ஆணி அடியுங்கள். பழைய எண்ணெய்த் தகரத்தை வெட்டித் தட்டினாலே போதும். நகம் பற்றாத தகரத்தில் எலியால் ஏற முடியாது. ஆனால் கூடு சுவரிலும் வேலியிலும் மரக்கிளையிலும் முட்டிக்கொண்டு நின்றால் தகரத்தாற் பயனில்லை. சுற்றிவர 3 அடியாவது இடைவெளி விடுங்கள். எறும்புத் தொல்லை உள்ள இடத்தில் கழிவு எண்ணெயில் தோய்த்த துணியைக் கால்களிற் கட்டுங்கள்.

தளத்துக்குப் பனஞ் சிலாகை அல்லது நேரான தடிகள். இடைவெளி சுண்டுவிரலுக்கு மேற்படக் கூடாது. எச்சம் கீழே விழும். அதைக் கூட்டியெடுத்துக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் உரமாக்கலாம்.

கம்பிவலை வாங்குவோர் ஒரு தவறு செய்கிறார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பெரிய கண் வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். எலியும் பாம்பும் சிறு கீரியும் உள்ளே வராமல் தடுக்காது. அரை அங்குலக் கண் உள்ள வலையே வேண்டும். அதன் விலை அதிகம். ஆகையால் கூடு முழுவதற்கும் வாங்காமல், காற்றுக்கு விட்ட திறப்புகளுக்கு மட்டும் அடியுங்கள். மிகுதிப் பக்கங்களைப் பலகையாலோ நெருக்கிக் கட்டிய மட்டையாலோ அடைக்கலாம். வலையைக் கட்டுக்கம்பியாற் கட்டிவிடாமல் சட்டத்தோடு ஆணியடித்து இறுக்குங்கள்.

நிலத்திலேயே கூடு வைத்திருப்போர், சுவரடியிலிருந்து வெளிப்புறமாக ஓரடி அகலத்துக்கு வலையையோ பழைய தகரத்தையோ நிலத்தில் விரித்து, அதன்மேல் மண்ணும் கல்லும் போடுங்கள். தோண்டும் விலங்கு சுவரோரத்திற்றான் தோண்டத் தொடங்கும். கீழே தகரம் தட்டினால் விட்டுவிடும்.

கதவுக்குக் கயிறு போதாது. இரண்டு கொளுக்கி வேண்டும். எவ்வளவு நல்ல கூடும் ஓர் இரவு அடைக்க மறந்தால் வெறுங் கூடுதான். பொழுதுபடும் வேளையில் கோழிகளை எண்ணி அடைப்பதை வீட்டிலுள்ள ஒருவரின் பொறுப்பாக்குங்கள். பிள்ளைகள் இதை விருப்பத்துடன் செய்வார்கள். காலையில் நன்றாக வெயில் ஏறிய பின் திறந்துவிட்டால் விடியப்புற நரிக்கும் தப்பலாம். முட்டையும் கூட்டுக்குள்ளேயே கிடைக்கும்.

இரண்டாம் காவல்: அடையும் முதல் ஆறு வாரமும்

பற்றைக்குள் அடைகிடக்கும் கோழி 21 நாட்கள் ஆபத்தில் இருக்கிறது. அதை இரவில் மெதுவாகத் தூக்கி வந்து, வீட்டு மூலையில் மணலும் வைக்கோலும் இட்ட கடகத்தில் 8 முதல் 12 முட்டைகளுடன் வையுங்கள். இரண்டு கோழிகளை ஒரே நாளில் அடைவைத்தால், இரண்டின் குஞ்சுகளையும் ஒரு தாயிடம் சேர்க்கலாம்.

பொரித்த பின் நம் முன்னோர் பயன்படுத்திய கரப்புக்கு ஈடான கருவி இல்லை. கரப்பு இல்லாதவர்கள் பழைய சைக்கிள் றிம் இரண்டை எடுத்து, ஒன்றைக் கீழும் ஒன்றை மேலுமாக வைத்து, சுற்றிவர இரண்டடித் தடிகளை நெருக்கிக் கட்டி, மேற்புறத்தைப் பழைய மீன்வலையால் மூடுங்கள். மேலே ஒரு கல்லைப் பாரமாக வையுங்கள். இல்லாவிடில் நாய் தட்டிப் புரட்டிவிடும்.

முதல் இரண்டு வாரமும் தாயும் குஞ்சுகளும் பகல் முழுவதும் கரப்புக்குள். மரநிழலில் வைத்து, நாளுக்கொரு இடமாக மாற்றுங்கள். வெயிலில் வைத்தால் பூனைக்கு வேலையில்லை, வெயிலே கொன்றுவிடும். சிரட்டையில் தண்ணீர் வைத்து, குஞ்சு மூழ்காதபடி சில கூழாங்கற்களைப் போடுங்கள்.

மூன்றாம், நான்காம் வாரங்களில் பின்னேரம் ஒரு மணித்தியாலம், வீட்டார் முற்றத்தில் இருக்கும்போது மாத்திரம் திறந்துவிடுங்கள். ஐந்தாம், ஆறாம் வாரங்களில் நேரத்தைக் கூட்டுங்கள். அதற்குள் குஞ்சுக்குச் சிறகு முளைத்துவிடும். தாவி ஒளியப் பழகியிருக்கும். இரவிலோ ஆறு வாரமும் எலி புகாத பெட்டிக்குள் தாயுடன் இருக்க வேண்டும்.

அடைத்து வளர்க்கும் குஞ்சுக்கு நாம்தான் தீன் தேட வேண்டும். அரிசிக் குறுணல், தவிடு, தேங்காய்ப்பூ போன்றவற்றுடன் கறையானும் கொடுங்கள். பழைய மண்பானையில் ஈர வைக்கோலும் காய்ந்த சாணமும் அடைத்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானையில் ஏறியிருக்கும் கறையான் குஞ்சுகளுக்கு நல்ல உணவு. செலவு ஒன்றுமில்லை.

பகற் காவல்

மேலிருந்து வரும் பருந்துக்கு எதிராக ஒளியிடம் வேண்டும். மரவள்ளிப் பாத்தியும், வாழையடியும், தாழக் கட்டிய ஓலைப் பந்தலும் குஞ்சுகளுக்குக் கோட்டை. தீன் போடும் இடத்தை அவற்றின் அருகில் வையுங்கள். கழிக்கப்பட்ட மீன்வலையைத் தீன் இடத்துக்கு மேலே 6 அடி உயரத்தில் கட்டலாம். அதன் ஓரங்கள் நிலத்தில் தொங்கினால் பாம்பும் கோழியும் சிக்கிக்கொள்ளும், கவனம். மினுங்கும் தகடு கட்டுவதும் காகச் சிறகு தொங்கவிடுவதும் சில நாட்களுக்கே உதவும். பறவைகள் பழகிவிடும். குட்டியிலிருந்தே கோழிகளோடு வளர்ந்த நாய் நெடுநாள் உதவும்.

அயலவரின் பூனை

இது கோழிப் பிரச்சினையாகத் தொடங்கி மனிதப் பிரச்சினையாக முடிவது. பூனைக்கு வேலி தெரியாது. யாருடைய குஞ்சென்றும் தெரியாது. பசித்த பூனைதான் அலைந்து திரியும். ஆகவே பூனை வளர்ப்போர் அதற்கு மாலையில் வயிறாரச் சோறும் மீன்தலையும் வைத்து வீட்டோடு பழக்க வேண்டும். தேவையற்ற குட்டிகளைச் சந்தையடியில் விடாமல், கால்நடை வைத்தியரிடம் கருத்தடை பற்றிக் கேளுங்கள். கோழி வளர்ப்போர் ஆறு வாரம் கரப்பைக் கைவிடாதிருக்க வேண்டும். பூனையைக் கண்டால் தண்ணீர் தெளித்துத் துரத்துங்கள். இரண்டு மூன்று தடவை நனைந்த பூனை அந்தப் பக்கம் வரத் தயங்கும். குற்றஞ்சாட்டப் போவதற்கு முன், "என்ர குஞ்சு குறையுது, அக்கா. ஒருக்கா வந்து பாருங்கோ" என்று அழைத்து, இருவருமாகத் தடயத்தைப் பாருங்கள்.

ஒருபோதும் செய்யாதிருங்கள்

பயிர்நாசினியை இறைச்சியிலோ முட்டையிலோ வைக்க வேண்டாம். அதை உங்கள் நாயும் அயலவரின் கோழியும் தின்னும். தவழும் பிள்ளையும் எடுத்து வாயில் வைக்கும். நஞ்சுண்ட எலியைத் தின்று ஆந்தை சாகும். பின்னர் எலி பெருகும்.

மின்கம்பியைக் கூட்டைச் சுற்றிக் கட்ட வேண்டாம். இருளில் அதை மிதிப்பது உங்கள் வீட்டாராகவும் இருக்கலாம்.

காட்டுப் பூனைகளைக் கொல்ல வேண்டாம். குளக்கரைகளில் வாழும் மீன்பிடிப் பூனையும், உடலில் துருநிறப் புள்ளிகளுள்ள சின்னஞ்சிறு காட்டுப்பூனையும் 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை. அவையும் எலியைத் தின்று நமது நெல்லைக் காப்பவையே.

இந்த வாரத்துக்கான வேலை

முதல் நாள்: கோழிகளையும் குஞ்சுகளையும் எண்ணி எழுதுங்கள்.
இரண்டாம் நாள்: பகலில் கூட்டுக்குள் தலையை விட்டுப் பாருங்கள். வெளிச்சம் தெரியும் ஓட்டையெல்லாம் எதிரியின் வாசல்.
மூன்றாம் நாள்: அந்த ஓட்டைகளை அடையுங்கள், கதவுக்கு இரண்டாவது கொளுக்கி போடுங்கள்.
நான்காம் நாள்: கூட்டைச் சுற்றித் துப்புரவாக்குங்கள்.
ஐந்தாம், ஆறாம் நாட்கள்: ஒரு கரப்புக் கட்டுங்கள்.
ஏழாம் நாள்: மீண்டும் எண்ணுங்கள்.

குழுக்களில் கலந்துரையாட

1. சென்ற ஆண்டு உங்கள் வீட்டில் எத்தனை குஞ்சுகள் பொரித்தன? எத்தனை வளர்ந்தன? மற்றவை எந்த நேரத்தில், எவ்வாறு போயின?
2. உங்கள் கிராமத்தில் கரப்புப் பின்னத் தெரிந்த முதியவர் யார்? அவரிடம் இளைஞர் கற்க என்ன ஒழுங்கு செய்யலாம்?
3. அரை அங்குல வலையை ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு சுருளாக வாங்கிப் பகிர முடியுமா?
4. கோழியாலோ பூனையாலோ பேச்சு முறிந்த வீடுகள் உங்கள் அயலில் உண்டா? யார் முதலிற் பேசலாம்?

தொடக்கத்தில் சொன்ன இரு வீட்டாரின் கதை இன்னும் சிறிது உண்டு. குளக்கட்டுக்கு அப்பால் விடப்பட்ட பூனை திரும்பி வரவில்லை. மூன்று வாரங்களின் பின், இளையவள் தன் தாய்வீட்டிலிருந்து ஒரு பூனைக்குட்டியை ஓலைப்பெட்டியில் கொண்டுவந்து வேலிக்கு மேலால் நீட்டினாள். ஒன்றும் பேசவில்லை. மூத்தவளும் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டாள். மறுநாட் காலை வேலியில் ஒரு கரப்புச் சாத்தியிருந்தது.